பாட்டி மரத்தை 'கட்' பண்ணவில்லை, 'டேப்' பண்ணினார்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். படிவம் நான்கு படிக்கும் மகள் தன் பாட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். அதில் 'மை கிராண்ட்மதர் கட் ரப்பர் ட்ரீஸ் ஃபார் தர்ட்டி இயர்ஸ்' என்று ஒரு வரி. ஆசிரியர் 'கட்' என்பதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் 'டேப்ட்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மகளுக்கு ஒப்பவில்லை. டேப் என்றால் தட்டுவது, டோல் சாவடியில் அட்டையைத் தட்டுகிறோமே அதுதானே, பாட்டி முப்பது வருடம் மரத்தைத் தட்டிக்கொண்டா இருந்தார் என்று கேட்கிறாளாம். அம்மாவுக்கும் அதே சந்தேகம். வீட்டில் எல்லாரும் 'மரம் வெட்டப் போறோம்' என்றுதானே சொல்லி வந்தோம், அப்புறம் 'கட்' எப்படித் தப்பாகும் என்கிறார்.

ஆசிரியர் திருத்தியது சரி. மகள் கேட்டதும் நல்ல கேள்வி, அவள் நினைத்த 'டேப்' வேறு, ஆசிரியர் எழுதிய 'டேப்' வேறு. நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவன், பிறகு இடைநிலைப்பள்ளியில் பல வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் 'கட்' விஷயம். ஆங்கிலம் படிக்கிறவர் 'கட் ரப்பர் ட்ரீஸ்' என்ற வரியைப் பார்த்தால், பாட்டி முப்பது வருடம் ரப்பர் மரங்களை அடியோடு வெட்டிச் சாய்த்தார் என்றுதான் புரிந்துகொள்வார். 'டவுன்' என்ற சொல் பக்கத்தில் இல்லாவிட்டாலும் மரத்தோடு 'கட்' சேர்ந்தால் அந்தப் பொருள்தான் முன்னால் வந்து நிற்கும். நம் தோட்டத் தமிழில் 'பால் மரம் வெட்டுறது' என்றால் யாரும் மரத்தைச் சாய்ப்பதாக நினைப்பதில்லை. மரத்தின் பட்டையில் கோடு போட்டுப் பால் எடுப்பது என்று குழந்தைக்கும் தெரியும். மரத்தையே எடுத்துவிடுவதென்றால் 'மரம் சாய்க்கிறாங்க', 'மரம் தள்ளுறாங்க' என்போம். ஆக நம் பேச்சில் 'வெட்டு' என்பது தொழிற்சொல், அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் போட்டால் தொழில் போய்விட்டுக் கோடரி வந்துவிடுகிறது. மலாயிலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு: பால் எடுப்பது 'மெனோரே', மரத்தைச் சாய்ப்பது 'மெனெபாங்'. உங்கள் மகளுக்கு மலாய் நன்றாக வரும் என்றால் இப்படிச் சொல்லிக்கொடுங்கள், உடனே பிடித்துக்கொள்வாள்.

சரி, 'டேப்' எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளில் இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. டி, ஏ, இரண்டும் சேர்ந்து கடைசியில் பி, அவ்வளவுதான் இரண்டுக்கும். உச்சரிப்பும் ஒன்றே. ஆனால் இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். நல்ல அகராதி எதைத் திறந்தாலும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தனித்தனியாகத்தான் கொடுத்திருப்பார்கள்.

மெல்லத் தட்டுவது என்ற 'டேப்' பழைய பிரெஞ்சிலிருந்து இடைக்கால ஆங்கிலத்துக்குள் வந்தது. தட்டும் ஓசையை ஒட்டியே பிறந்த சொல்லாக இருக்கலாம் என்பார்கள். அட்டையைத் தட்டுவது, கதவில் விரலால் தட்டுவது, தோளில் தட்டிக் கூப்பிடுவது, கைப்பேசித் திரையைத் தொடுவது, டேப் டான்ஸ் ஆடுவது எல்லாம் இது. இதைப் பற்றி இவ்வளவு போதும்.

பாட்டியின் 'டேப்' அதைவிட மூத்தது, ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. பழைய ஆங்கிலத்தில், அதாவது சுமார் 1100-க்கு முன்னால் பேசிய ஆங்கிலத்தில், 'டேப்பா' என்று ஒரு பெயர்ச்சொல் இருந்தது. பொருள்: மரப்பீப்பாயின் துளையை அடைக்கும் முளை, ஒரு பக்கம் கூம்பிய மர ஆணி. பீப்பாய்க்குள் சாராயமோ பியரோ இருக்கும், அடியில் ஒரு துளை, துளையில் இந்த முளை. முளையைப் பிடுங்கினால் உள்ளே இருப்பது வரும், அடித்தால் நிற்கும். முளையை வைத்து, திறந்து, உள்ளிருப்பதை வடித்தெடுக்கும் செயலுக்கு அதிலிருந்தே வினைச்சொல் செய்துகொண்டார்கள். ஜெர்மன் மொழியிலும் டச்சு மொழியிலும் இதன் உறவுச் சொற்கள் இன்றும் பியர் வடிப்பதற்கே புழங்குகின்றன. நாம் 'பைப்பைத் திற' என்று சொல்கிற அந்தத் தண்ணீர்க் குழாய்த் திருகை பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'டேப்' என்பதும் இதனால்தான், அமெரிக்கர்கள்தான் அதை 'ஃபாசெட்' என்பார்கள். பீப்பாயிலிருந்து பியர் ஊற்றிக் கொடுத்தவர்களுக்கு 'டேப்ஸ்டர்' என்று பெயர். அந்தப் பழஞ்சொல் முதலில் பெண்பால், ஊற்றிக் கொடுத்த பெண்களைத்தான் குறித்தது. நம் தோட்டங்களில் விடியற்காலையில் வாளியோடு நிரையில் (மர வரிசையில்) இறங்கிய பெண்களை நினைக்கும்போது இந்தத் தகவல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

முளை என்ற பொருளுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பள்ளியில் அறிவியல் பாடத்தில் ஆணிவேர் படித்திருப்பாள் உங்கள் மகள். ஆங்கிலத்தில் அது 'டேப் ரூட்'. தண்ணீர்க் குழாய்க்கும் வேருக்கும் என்ன உறவு என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேரின் பெயர் குழாயிலிருந்து வரவில்லை, இரண்டும் அந்த முளையிலிருந்து வந்தவை: கூம்பிய மர ஆணி மாதிரி நேராக இறங்கும் வேர், அதனால் 'டேப்'. நம் முன்னோர்கள் அதே வடிவத்தைப் பார்த்து ஆணி என்றார்கள், அவர்கள் முளை என்றார்கள், இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அப்புறம் இந்தப் பீப்பாய்ச் சொல் மரத்துக்கு எப்படி ஏறியது? மூடிய ஒரு பொருளுக்குள் திரவம் இருக்கிறது, அதில் ஒரு வழி திறந்து வடிக்கிறோம் என்ற எண்ணம் மரத்துக்கும் பொருந்தியது. வட அமெரிக்காவில் மேப்பிள் மரத்தில் துளையிட்டு இனிப்பு நீர் எடுப்பதற்கும் இதே வினைதான். தென்னையிலும் பனையிலும் பாளை சீவிக் கள் இறக்குகிறவரும் ஆங்கிலத்தில் 'டாடி டேப்பர்'தான். நமக்குக் கள் 'இறக்குவது' ஒரு வேலை, பால் 'வெட்டுவது' வேறு வேலை, ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒரே வினை. ரப்பர் வந்ததும் அந்தச் சொல் தயாராகக் காத்திருந்தது.

ரப்பர் வந்த கதையை உங்கள் ஊர்க்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும், பக்கத்திலேயே நடந்தது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் கொஞ்சம்தான் முளைத்தன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, அவற்றில் ஒன்பது கோலக்கங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக (பிரிட்டிஷ் ஆட்சி அதிகாரியாக) இருந்தவர் ஹியூ லோ. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலக்கங்சார் நில அலுவலகத்தின் பக்கத்தில் இன்னமும் நிற்கிறது. உங்களுக்கு ரொம்பத் தூரம் இல்லை, மகளை ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

மரம் வந்துவிட்டது, பால் எடுப்பது எப்படி என்பது பிறகுதான் தெளிந்தது. பிரேசில் காட்டில் சின்னக் கோடரியால் பட்டையைக் கொத்திப் பால் எடுத்தார்கள், அதில் மரம் காயப்பட்டது. 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி வேறு வழி கண்டார். புதுப்புது இடத்தில் கொத்தாமல், போட்ட அதே கோட்டின் விளிம்பை மறுபடியும் மறுபடியும் மெல்லிசாகச் சீவ வேண்டும், அப்படிச் செய்தால் பால் குறையாது, முதல் சில வெட்டுக்குப் பிறகு கூடுகிறது, சீவிய இடத்தில் பட்டையும் திரும்ப வளர்கிறது. மலாயாவின் ரப்பர் தொழில் நின்றதே இதன் மேல்தான். ரிட்லி நூறு வயது வரை இருந்து 1956-இல் காலமானார்.

இந்த இடத்தில்தான் 'கட்' ஏன் போதாது, 'டேப்' ஏன் சரி என்பது வேலையிலேயே தெரியும். பால் இருப்பது மரக்கட்டையில் இல்லை. பட்டையின் உள்பக்கத்தில் ஓடும் மிக நுண்ணிய பால் குழாய்களில் இருக்கிறது. விடியற்காலையில் அந்தக் குழாய்களுக்குள் அழுத்தம் மிக அதிகம், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு அளவுக்குப் போகும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய் அழுத்தம் குறையும், பாலும் குறையும். இருட்டில் எழுந்து பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடி, நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு வெட்டியதெல்லாம் இதற்காகத்தான். பால் குழாய்கள் மரத்தில் நேராக ஏறாமல் லேசாகச் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன, அதனால் கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும், அப்போதுதான் ஒரே வெட்டில் அதிகக் குழாய் திறக்கும். ஒரு தடவை சீவும் பட்டையின் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டர், கொஞ்சம் கூடலாம். ஆழம் இன்னும் கடினம். உள்ளே போகப் போகப் பால் குழாய் அதிகம், ஆனால் கட்டையை ஒட்டி 'கேம்பியம்' என்ற மெல்லிய வளர்படலம் இருக்கிறது, உளி அதைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே உளி ஓடாது. வளர்படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும், அதுவும் அரை இருட்டில், ஐந்நூறு மரத்துக்கு. மரத்தைக் காயப்படுத்தினால் தோட்டக் கணக்கர் கிராணியும் வேலையை மேற்பார்க்கும் தண்டலும் சும்மா விடமாட்டார்கள் என்பது வேறு. இதைக் 'கட்' என்ற ஒரு சொல்லில் அடக்குவது பாட்டிக்குச் செய்யும் நியாயம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஆசை வந்ததே அதனால். வெட்டிய கோட்டில் பால் சில மணி நேரம் ஓடும், பிறகு தானாக நிற்கும். ஏன் நிற்கிறது? பால் உறைந்து, திறந்த குழாய்களின் வாயை அடைத்துக்கொள்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இதை ஆங்கிலத்தில் 'பிளக்கிங்' என்றே சொல்கிறார்கள், அடைப்பு விழுவது. அடுத்த முறை பாட்டி மரத்தண்டை போனதும் முதலில் என்ன செய்வார்? கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நீளமாக உருவிப் பையில் போட்டுக்கொள்வார், அப்புறம் உளியை வைப்பார். அடைப்பை எடுத்து, வாயைத் திறந்து, வடிப்பது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் பீப்பாயின் முளையைப் பிடுங்கிய அதே செயல்.

இனி எழுதும்போது கவனிக்க வேண்டியவை.

இந்த வினைக்குப் பின்னால் இரண்டு வகைப் பொருளும் வரலாம், கொள்கலமும் வரலாம், உள்ளே இருப்பதும் வரலாம். 'டேப் அ ட்ரீ' சரி, 'டேப் ரப்பர்' சரி, 'டேப் லேட்டெக்ஸ்' என்றாலும் தப்பில்லை. பேச்சில் அதிகம் புழங்குவது 'டேப் ரப்பர்'தான். அப்படி எழுதும்போது ரப்பர் என்பது பொருளின் பெயர், பன்மை வேண்டாம், 'ரப்பர்ஸ்' என்றால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அழிப்பான்கள். ரப்பர் என்ற பெயரே 'தேய்' என்று பொருள்படும் 'ரப்' என்ற வினையிலிருந்து வந்தது, பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க உதவுகிறது என்று 1770-இல் ஆங்கில விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி எழுதி வைத்தார். அப்புறம், பாலை 'ரப்பர் மில்க்' என்று பிள்ளைகள் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் அது 'லேட்டெக்ஸ்', லத்தீனில் நீர்மம் என்று பொருள். 'மில்க் த ட்ரீ' என்று எழுதவே கூடாது, அது மாட்டுக்கு.

எழுத்துக்கூட்டலில் நிறையப் பேர் விழும் குழி ஒன்று இருக்கிறது. இறந்த காலத்திலும் 'இங்' சேர்க்கும்போதும் பி இரட்டிக்க வேண்டும். ஒற்றைப் பி போட்டால் அது நாடா ஒட்டுவதைக் குறிக்கும் இன்னொரு வினையாகிவிடும், பாட்டி மரத்துக்கு நாடா ஒட்டினார் என்று அர்த்தம் வரும். 'டேப்பர்' என்று ஆளைக் குறிக்கும் சொல்லிலும் அப்படித்தான், ஒரு பி குறைந்தால் கூம்பி மெலிவதைக் குறிக்கும் வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரிவது நம் சங்கடம், ஆங்கிலத்தில் ஒலியும் வேறு: பாட்டியின் சொல்லில் உயிரொலி குறுகி, 'பேட்', 'பேக்' என்று மட்டையையும் பையையும் சொல்லும்போது வருவது போல வாய் திறந்து வரும். இறந்த காலத்தை ஓரசையாக 'டேப்ட்' என்று முடிக்க வேண்டும், 'டேப்பெட்' என்று இழுக்கக் கூடாது.

அடுத்து 'ஆன்' என்ற சின்னச் சொல். தட்டுவது என்ற பொருளில் எழுதும்போது 'டேப் ஆன்' என்று ஆனைச் சேர்த்துவிட்டால் குழப்பம் வராது. 'ஹி டேப்ட் ஆன் மை ஃபோன்' என்றால் என் கைப்பேசித் திரையைத் தட்டினார். ஆனை எடுத்துவிட்டு 'ஹி டேப்ட் மை ஃபோன்' என்றால் என் பேச்சை ஒட்டுக்கேட்டார் என்று படிப்பார்கள், போலீசுக்குப் போகிற விஷயம். ஒட்டுக்கேட்பது பாட்டியின் பக்கத்து 'டேப்': 19-ஆம் நூற்றாண்டில் தந்திக் கம்பியில் இடையில் ஒரு கம்பி சேர்த்து, ஓடும் செய்தியை வடித்தெடுத்தார்கள், பீப்பாயில் துளை போட்டது போலவே.

அதே பக்கத்தில்தான் 'டேப் இன்டு' என்பதும் வரும். சேர்த்து வைத்த ஒன்றிலிருந்து எடுத்துப் பயன்படுத்துவது. ஊழியர் சேம நிதியில் இருக்கும் பணத்தில் கைவைப்பதற்கு இதைச் சொல்லலாம், ஊர்ப் பெரியவர்களின் அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்கும் சொல்லலாம். இன்னும் யாரும் கைவைக்காத வளம் 'அன்டேப்ட்'. இந்தச் சொல் அரசியல் உரைகளில் அடிபட்டுத் தேய்ந்துவிட்டது, கட்டுரையில் ஒரு தடவைக்கு மேல் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒருவரிடம் பணம் கறப்பதும் இந்த 'டேப்' தான். ஆனால் ஒருவரை ஒரு பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அமெரிக்க நாளிதழ்கள் எழுதும் 'டேப்ட்' அந்தப் பக்கத்துச் சொல், தோளில் தட்டி அழைத்ததிலிருந்து வந்தது.

செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) இந்த வினை ஆகாது. இப்போது பெரும்பாலான தோட்டங்களில் செம்பனைதான், பிள்ளைகள் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள். செம்பனைக் குலையை 'ஹார்வெஸ்ட்' செய்கிறார்கள், குலையைக் 'கட்' செய்தார் என்றாலும் முழுக்கச் சரி, அங்கே உண்மையிலேயே குலை வெட்டுப்பட்டு விழுகிறது.

இனி உங்கள் மகளின் வரி. பாட்டி ஓய்வு பெற்றுவிட்டார் என்றால் 'மை கிராண்ட்மதர் டேப்ட் ரப்பர் ஃபார் தர்ட்டி இயர்ஸ்' என்பதே போதும், சாதாரண இறந்த காலம். 'வாஸ் டேப்பிங்' என்று முப்பது வருடத்துக்கும் இழுக்க வேண்டாம், அது அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்ததைச் சொல்ல: பாட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது மழை வந்தது என்பது மாதிரி வரிக்கு வைத்துக்கொள்ளட்டும். இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் 'ஹேஸ் பீன் டேப்பிங்'. தொழிலாகச் சொல்வதென்றால் 'ஷி வாஸ் அ ரப்பர் டேப்பர்', நடுவில் இருக்கும் அந்த 'அ' விட்டுப்போகக் கூடாது, நம் பிள்ளைகள் அதிகம் விடுவது அதைத்தான். 'ரப்பர் ட்ரீ டேப்பர்' என்று நீட்டத் தேவையில்லை.

கட்டுரையில் இன்னொரு இடத்தில் பாட்டியை 'லேபரர்' என்று எழுதியிருக்கிறாள், அதை ஆசிரியர் தொடவில்லை, விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் தோட்டத்துச் சம்பளக் கணக்கிலேயே பால் வெட்டுகிறவர் தனி, களையெடுக்கிறவர் தனி, உளி பழகாதவரை யாரும் நிரையில் விடமாட்டார்கள். அதனால் 'டேப்பர்' என்றே மாற்றச் சொல்லுங்கள். பாட்டி பக்கத்தில் இருந்தால் உளியைப் பிடித்தது எப்படி, கோடு எந்தப் பக்கம் இறங்கும், காயம் விழாமல் கை எப்படி நின்றது என்று அவரையே கேட்டு, அதை ஒரு பத்தியாகச் சேர்க்கட்டும். உளிக்கு 'டேப்பிங் நைஃப்', வெட்டும் பரப்புக்கு 'டேப்பிங் பேனல்', மங்குக்கு 'கப்', ஒட்டுப்பாலுக்கு 'ஸ்கிராப்' என்று எழுதினால் போதும்.